விலாசம்: கடைப் பெயரின் வரலாறும் அதன் காவலும்

இலங்கை முஸ்லிம்களின் வரலாற்றை எழுதப் புகுந்தவர்கள் வணிகத்தைத் தொடாமல் விட்டதில்லை. அரபுக் கப்பல்கள், கறுவா, மாணிக்கம், கண்டி இராச்சியத்துக்கு உப்பும் புடவையும் கொண்டு சென்ற தவளக்காரர், கோட்டையிலும் புறக்கோட்டையிலும் எழுந்த கடைகள் என அந்த வரலாறு நீளும். ஆனால் அந்தக் கடைகளின் வாசலில் தொங்கிய பெயர்ப் பலகைகளைப் பற்றி நாம் அதிகம் எழுதவில்லை. ஒரு வியாபாரியின் பெயர் அவனுக்கு எப்படிச் சொந்தமாகிறது, பிறர் அதை எடுத்துக்கொள்ளாமல் தடுப்பது எது, அவன் மௌத்தானால் அந்தப் பெயர் யாருக்குப் போகிறது என்பவை சட்டத்தரணிகள் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டிய விடயங்கள் என்று விட்டுவிட்டோம். அவை நமது சமூக வரலாற்றின் கேள்விகளுமாகும் என்பது எனது எண்ணம். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விலாசம் என்ற சொல்

இன்று விலாசம் என்றால் முகவரி. பழைய வணிக வழக்கில் அச்சொல்லுக்கு வேறொரு பொருள் இருந்தது. வியாபாரம் நடத்தப்படும் பெயரையே விலாசம் என்றார்கள். செட்டிமாரும் தமிழ் பேசும் முஸ்லிம் வணிகரும் இதே வழக்கைக் கைக்கொண்டனர். பாட்டனின் பெயரில் ஓர் எழுத்து, தந்தையின் பெயரில் ஓர் எழுத்து, தனது பெயரில் ஓர் எழுத்து எனச் சேர்த்தால் ஒரு விலாசம் பிறந்துவிடும். அதைக் ‘கானா மூனா’ என்றும் ‘மூனா சேனா’ என்றும் வாயால் உச்சரித்தார்கள். கணக்கேட்டின் தலைப்பிலும் உண்டியலிலும் மூட்டையின் மேல் தீட்டிய மையிலும் அந்த எழுத்துகளே இருந்தன. இலங்கை நீதிமன்றங்களின் பழைய தீர்ப்புகளில் இச்சொல் மொழிபெயர்க்கப்படாமல் விலாசம் என்றே ஆங்கில எழுத்தில் இடம்பெறுகிறது. இன்ன விலாசத்தின் கீழ் வியாபாரம் செய்பவர் என்றே வழக்காளிகள் குறிப்பிடப்பட்டனர். அந்நிய நீதிபதிகளும் நமது சொல்லை ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்பது சுவையான செய்தி.

விலாசத்தின் இயல்பு கவனிக்கத்தக்கது. அது ஒரு தனி மனிதனின் பெயரல்ல. மூன்று தலைமுறையின் நாணயம் அந்த மூன்று எழுத்துகளில் அடங்கியிருந்தது. காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ இருக்கும் முதலாளியை ஒரு நாளும் கண்டிராத கொழும்பு வியாபாரி அந்த எழுத்துகளை நம்பிச் சரக்கைக் கடனுக்குக் கொடுத்தான். இதற்குப் பதிவுமில்லை, சான்றிதழுமில்லை. ஒருவரை ஒருவர் அறிந்திருந்த ஒரு சிறிய உலகமே அதற்குக் காவலாக இருந்தது. விலாசத்தைப் பொய்யாகப் பயன்படுத்தியவனுக்கு மறுநாள் தெருவில் கடன் பிறக்காது.

படமும் குறியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தச் சிறிய உலகம் பெரிதாயிற்று. மான்செஸ்டரிலிருந்து துணி வந்தது. தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் வந்தன. வாங்குபவருக்கு ஆங்கிலம் தெரியாது. பலருக்கு எந்த எழுத்தும் தெரியாது. எனவே யானை, மயில், பிறை, நட்சத்திரம் எனப் படங்கள் பொருளின் பெயராயின. ‘யானை மார்க்கு’ என்று கேட்டு வாங்கும் வழக்கம் இப்படித்தான் வேரூன்றியது.

இங்கிலாந்தில் வர்த்தகக் குறிகளைப் பதியும் சட்டம் 1875இல் வந்தது. 1876 ஜனவரி 1ஆம் திகதி முதலாவதாகப் பதியப்பட்ட குறி பாஸ் என்னும் மதுபான நிறுவனத்தின் சிவப்பு முக்கோணமாகும். நாம் இன்று பயன்படுத்தும் ஒரு சட்டமுறையின் முதல் பக்கத்தில் மதுப் போத்தலின் லேபிள் ஒட்டப்பட்டிருப்பது வரலாற்றின் குறும்பு எனலாம். இலங்கைக்கு இச்சட்டமுறை 1888இல் கட்டளைச் சட்டமாக வந்தது. 1925இல் புதிய கட்டளைச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. 1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கப் புலமைச் சொத்துக் கோவையும், அதன் பின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் தொடர்ந்தன. இப்போது நடைமுறையில் இருப்பது கடைசியாகச் சொன்னதே.

இவை குறியைப் பற்றியவை. கடையின் பெயரைப் பதியும் சட்டம் வேறொரு வழியால் வந்தது. அந்த வழியை அறிந்தாலன்றி இன்றைய குழப்பம் விளங்காது.

போர் தந்த சட்டம்

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1916இல் பிரித்தானியப் பாராளுமன்றம் வியாபாரப் பெயர்களைப் பதியும் சட்டம் ஒன்றை இயற்றியது. ஜெர்மானியர்கள் ஆங்கிலப் பெயர்களுக்குப் பின்னால் ஒளிந்து வியாபாரம் செய்கிறார்கள் என்ற அச்சமே அதன் பின்னணி. ஆகவே தன் சொந்தப் பெயரல்லாத பெயரில் வியாபாரம் செய்பவர் தன் உண்மைப் பெயர், முன்னைய பெயர், வசிப்பிடம், நாட்டினம், மூல நாட்டினம் ஆகியவற்றை அறிவிக்க வேண்டுமென்று அச்சட்டம் விதித்தது. பெயரைக் காப்பது அதன் நோக்கமல்ல. பெயருக்குப் பின்னால் நிற்பவன் யார் என்று கண்டுபிடிப்பதே நோக்கம்.

இந்த அச்சில் வார்க்கப்பட்டதே 1918ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டம். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1915 மே மாத இறுதியில் கண்டியில் தொடங்கிய கலவரத்தில் முஸ்லிம்களின் நான்காயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டிருந்தன. அக்கலவரத்தில் முதன்மை இலக்கானவர்கள் தென்னிந்தியக் கரையோரத்திலிருந்து வந்து வணிகம் செய்த முஸ்லிம்கள். 1918 சட்டம் அக்கலவரத்தின் விளைவு என்று நான் கூறவரவில்லை. அது லண்டனிலிருந்து வந்த பிரதி. எனினும் இவன் எங்கிருந்து வந்தவன் என்ற கேள்வியை ஒரு கும்பல் கடை வாசலில் நின்று கேட்ட சில ஆண்டுகளிலேயே, வியாபாரியின் பூர்வீகத்தை விசாரிக்கும் சட்டமொன்று இங்கு இறக்குமதியாயிற்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின் கரையோர வணிகரை அந்தக் கேள்வி இன்னும் கடுமையாகத் துரத்தியது.

பிரித்தானியா தன் 1916 சட்டத்தை 1980களின் தொடக்கத்தில் ஒழித்துவிட்டது. நமது நாட்டில் அதன் பிள்ளை இன்னும் உயிரோடு இருக்கிறது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்துக்குப் பின் இப்பதிவு மாகாணங்களின் கைக்கு வந்தது. பிரதேச செயலகங்களில் படிவம் நிரப்பிப் பெற்று, கண்ணாடிச் சட்டமிட்டுக் காசுப் பெட்டிக்கு மேலே நாம் மாட்டி வைக்கும் சான்றிதழ் அதுதான்.

பதிவு வேறு, பாதுகாப்பு வேறு

நம்மவர்களில் பெரும்பாலோர் அந்தச் சான்றிதழைப் பெயருக்கான உறுதியாகவே கருதுகிறார்கள். காணிக்கு உறுதி இருப்பதுபோல் பெயருக்கு இது என்பது அவர்கள் எண்ணம். அது தவறு. இச்சான்றிதழ் இன்ன பெயரில் வியாபாரம் செய்பவர் இன்னார் என்று அரசாங்கத்துக்கும் கொடுக்கல் வாங்கல் செய்பவருக்கும் அறிவிக்கும் ஆவணம் மட்டுமே. பதியத் தவறினால் தண்டம் உண்டு. நீதிமன்றம் நிவாரணம் தந்தாலன்றி, பதியாதவர் தன் வியாபார ஒப்பந்தங்களை வைத்து வழக்கிடவும் முடியாது. வங்கிக் கணக்குக்கும் கடனுக்கும் அது தேவை. ஆனால் இன்னொரு மாகாணத்தில் அதே பெயரில் இன்னொருவர் பதிந்தால் அதைத் தடுக்கும் வலிமை அதற்கில்லை. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் கம்பனியாகப் பதிந்தாலும், அதே பெயரில் இன்னொரு கம்பனி தோன்றாது என்பதே கிடைக்கும் பலன்.

அப்படியானால் சிறு வியாபாரிக்குக் காவல் இல்லையா? உண்டு. இரண்டு விதமாக உண்டு.

முதலாவது, 2003ஆம் ஆண்டின் சட்டம் வர்த்தகப் பெயரைப் பதிவு இல்லாமலேயே காக்கிறது. பதிவுக்கு முன்னரும், பதிவு இல்லாதபோதும், பிறரின் சட்டவிரோதச் செயலுக்கு எதிராக வர்த்தகப் பெயர் பாதுகாக்கப்படும் என்பது அதன் நிலைப்பாடு. பொதுமக்களைக் குழப்பும் வகையில் இன்னொருவர் அப்பெயரையோ அதை ஒத்த பெயரையோ பயன்படுத்துவது குற்றங்காணத்தக்கது. நேர்மையற்ற போட்டியை அச்சட்டம் தனியாகவும் தடை செய்கிறது. பழைய விலாசத்தை இச்சட்டம் தன் மொழியில் அங்கீகரிக்கிறது என்றே நான் வாசிக்கிறேன். ஆனால் இக்காவலைப் பெற நீங்கள் முன்னரே அப்பெயரில் வியாபாரம் செய்தீர்கள், மக்கள் அப்பெயரால் உங்களை அறிந்திருந்தார்கள் என்று நிறுவ வேண்டும். பழைய பில் புத்தகங்கள், விளம்பரத் துண்டுகள், சாமான் சுற்றிய காகிதப் பைகள், வரிப் பற்றுச்சீட்டுகள் ஆகியவையே சாட்சிகள். நாம் அவற்றைத்தான் முதலில் கறையானுக்குக் கொடுக்கிறோம்.

இரண்டாவது, பெயரையோ படத்தையோ கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் குறியாகப் பதிவது. பொருட்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. எந்த வகுப்புக்கு விண்ணப்பிக்கிறோமோ அதற்கே உரிமை. விண்ணப்பம் ஏற்கப்பட்டால் வர்த்தமானியில் வெளியாகும். ஆட்சேபிக்க விரும்புவோருக்கு மூன்று மாத அவகாசம் உண்டு. பதிவு பத்தாண்டுகள் செல்லும். பின்னர் பத்துப் பத்தாண்டுகளாகப் புதுப்பிக்கலாம். மீறல் நேர்ந்தால் வழக்கு கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றுக்குச் செல்லும். அக்கரைப்பற்றிலோ மன்னாரிலோ இருக்கும் சில்லறைக் கடைக்காரர் அவ்வளவு தூரம் போய்வருவது எளிதல்ல. சட்டம் எல்லோருக்கும் பொதுவானதே. ஆனால் பஸ் கட்டணம் எல்லோருக்கும் ஒன்றல்ல.

நாம் வைக்கும் பெயர்கள்

பதிவுக்குப் போகும் நம்மவர் அங்கே இன்னொரு சிக்கலையும் சந்திக்கிறார். சாதாரண பொருளில் ஓர் ஊரின் பெயராகவோ குடும்பப் பெயராகவோ உள்ளதையும், தனிமனிதர் பெயரைத் தனித்துவமான முறையில் காட்டாததையும், பொருளின் தரத்தையோ வகையையோ மட்டும் சொல்வதையும் குறியாகப் பதிய முடியாதென்பது பொது விதி. நமது கடைத்தெருக்களை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். மக்கா, மதீனா, பக்தாத் என ஊர்ப் பெயர்கள். பாறூக், ஹமீத், ஜப்பார் என ஆட்பெயர்கள். சாப்பாட்டுக் கடையென்றால் ‘முஸ்லிம் ஹோட்டல்’. ‘பிஸ்மில்லாஹ்’ என்று ஆரம்பிப்பது பரக்கத்துக்காக. ஆனால் அதை ஒருவர் தனக்கு மட்டும் உரியதென்று சொல்லவும் கூடாது, சொல்லவும் முடியாது.

இதில் குறை காண நான் விரும்பவில்லை. இப்பெயர்கள் உரிமை கொண்டாடுவதற்காகப் பிறந்தவையல்ல. தெரியாத ஊருக்குப் போன பயணி இங்கே ஹலாலான சாப்பாடு கிடைக்கும் என்று அறிந்துகொள்ள வைக்கப்பட்டவை. முழுச் சமூகத்துக்கும் பொதுவான ஒரு நாணயத்தின் அடையாளங்கள் அவை. ஆனால் பொதுக் கிணற்றுக்கு வேலி போட முடியாது. தனக்கென்று ஒரு பெயரைக் காக்க விரும்பும் இளைஞன், தன் பாட்டன்மாரின் விலாச எழுத்துகளையோ ஒரு புதுச் சொல்லையோ தனித்துவமான வடிவில் அமைத்துக்கொள்வது அறிவுடைமையாகும்.

பெயர் ஒரு சொத்தா?

இக்கேள்விக்கு ஷரீஅத் என்ன சொல்கிறது என்று ஆலிம்களிடம் கேட்பவர் குறைவு. பழைய ஃபிக்ஹு நூல்கள் மாலைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் கண்ணால் காணக்கூடிய பொருளையும் அதன் பயனையும் கருத்திற் கொண்டே பேசின. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகடமியின் ஐந்தாவது அமர்வு இதற்குத் தெளிவான விடை தந்தது. அதன் 43ஆம் இலக்கத் தீர்மானத்தின்படி வர்த்தகப் பெயர், வர்த்தகக் குறி, நூலாக்கம், கண்டுபிடிப்பு ஆகியன உரியவர்களுக்கே சொந்தமான உரிமைகள். இக்கால வழக்கில் அவற்றுக்குப் பண மதிப்பு உண்டு. எனவே ஷரீஅத் அவற்றை மதிக்கிறது, அவற்றில் அத்துமீறுவது கூடாது. ஏமாற்றும் மோசடியும் இல்லாதவிடத்து அவற்றை விற்கவும் மாற்றவும் செய்யலாம் என்றும் அத்தீர்மானம் கூறுகிறது. நமது சட்டமும் இங்கே நெருங்கி வருகிறது. வர்த்தகப் பெயரை அது சுட்டும் வியாபாரத்தோடு சேர்த்தே கைமாற்ற முடியும் என்பது அதன் விதி. சரக்கும் கையும் மாறிய பின் பெயரை மட்டும் காட்டி மக்களை ஏமாற்றக் கூடாது என்பதே இரண்டின் உட்கிடையும்.

இத்தீர்மானத்தை ஏற்றுக்கொண்டால் அதன் அடுத்த படியையும் ஏற்க வேண்டும். பெயர் மால் என்றால், அது மரித்தவர் விட்டுச் சென்ற சொத்தின் ஒரு பகுதி. சொத்தென்றால் அதில் வாரிசுகள் எல்லோருக்கும் பங்குண்டு. இலங்கை முஸ்லிம்களின் வாரிசுரிமையை 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தின் வழியே ஷரீஅத்தே ஆள்கிறது. நடைமுறையில் நாம் என்ன செய்கிறோம்? எனக்குத் தெரிந்த கிழக்கிலங்கை ஊரொன்றில் நாற்பது வருடப் புடவைக் கடை ஒன்றின் முதலாளி மௌத்தானார். கடையிலிருந்த சாமான்களைக் கணக்கெடுத்தார்கள். கட்டடத்தை மதிப்பிட்டார்கள். காட்டன் பீஸ் முதல் தையல் ஊசி வரை ஃபறாயிழ்படி பிரித்தார்கள். பெண்மக்கள் இருவருக்கும் ஒழுங்காகப் பங்கு கொடுத்தார்கள். அதில் ஊர் திருப்திப்பட்டது. பிறகு மூத்தவர் பழைய கடையிலும் இளையவர் எதிர்ப்புறத்திலும் வாப்பாவின் அதே பெயரை மாட்டினார்கள். வருடக்கணக்காகச் சண்டை நடந்தது. பள்ளிவாசல் வரை வந்தது. இருவரும் பெயருக்காகப் போராடினார்கள். அப்பெயரின் விலையைப் பங்கு போடும்போது ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. சகோதரிகளிடம் யாரும் கேட்கவுமில்லை.

‘அன் சன்ஸ்’ என்று பலகையில் எழுதுவது ஆங்கிலேயரிடமிருந்து நாம் எடுத்த பழக்கம். எழுதும்போது அது அலங்காரம். வாப்பா கண்ணை மூடிய பின் அது ஒரு தீர்ப்பாகிவிடுகிறது. மகளும் அந்தப் பெயரின் வாரிசு என்று சொல்ல நமது மார்க்கத்தில் தடையில்லை. நமது பலகையில்தான் இடமில்லை. உயிருடன் இருக்கும்போதே பெயரின் மதிப்பை ஒப்புக்கொண்டு, அதை நடத்தப் போகிறவர் மற்ற வாரிசுகளுக்கு ஈடு கொடுக்கும் வகையில் எழுத்தில் ஓர் ஒழுங்கைச் செய்து வைப்பவர், தன் பிள்ளைகளுக்கிடையே உறவையும் எழுதி வைத்தவராவார்.

எடுத்துச் செல்ல முடிந்த ஒரே பொருள்

1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு ஒக்டோபர் 30ஆம் திகதி கிடைத்தது இரண்டு மணித்தியாலம். இரும்புக் கடைகளும் நகைக் கடைகளும் தையற் கடைகளும் உள்ளபடியே விடப்பட்டன. நகைகளும் பணமும் வழியில் பறிக்கப்பட்டன. பெட்டியும் சாவியும் போன பிறகு அம்மக்களிடம் மிஞ்சிய வியாபார முதல் அவர்களுடைய பெயர்தான். புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் கொழும்பிலும் சிறு பெட்டிக் கடை போட்டவர்கள் பலர் பழைய பெயரை எழுதினார்கள், ஊர்க்காரர் தேடி வருவார்கள் என்று. அந்த நம்பிக்கையைப் பறிக்க எந்தச் சோதனைச் சாவடியிலும் வழி இருக்கவில்லை.

2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையிலான காலத்தில் பயங்கரவாதச் செயல்களால் நீதிமன்றம் செல்ல முடியாதிருந்தவர்களுக்கு அசையாச் சொத்தை மீட்க ஒரு வாய்ப்பைத் தந்தது. காணிக்கும் கட்டடத்துக்குமே அது பேசியது. ஒரு பெயர் தன் தெருவை இழந்ததைப் பற்றிப் பேச எந்தச் சட்டமும் வரவில்லை. இத்தகைய இழப்புகளை எழுதி வைக்க வேண்டியது இலக்கியத்தின் கடமையாகிறது.

பெயர் காப்பது போலவே காட்டிக்கொடுக்கவும் செய்யும் என்பதை அண்மைக் காலம் மீண்டும் உணர்த்தியது. 2013 மார்ச்சில் எதிர்ப்பிரசாரத்தின் நெருக்குதலால் உள்நாட்டுச் சந்தைப் பொருட்களிலிருந்து ஹலால் இலச்சினை விலக்கப்பட்டது. 2014இல் அளுத்கமையிலும், 2018இல் திகனையிலும், 2019 மே மாதத்தில் வடமேல், மேல் மாகாண ஊர்களிலும் கடைகள் எரிந்தபோது பலகையில் இருந்த பெயரே பலரை அடையாளம் காட்டியது. இதன் பின் தமது பிள்ளைகளுக்கு யாருடையதென்று தெரியாத பெயர்களில் வியாபாரம் தொடங்கச் சொன்ன பெற்றோரை நான் அறிவேன். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 1916இன் சட்டம் எந்த மறைவைச் சந்தேகித்ததோ, அதே மறைவுக்குள் பயத்தால் ஒரு சமூகம் ஒதுங்க நேர்வது வேதனைக்குரியது.

செய்ய வேண்டியவை

மருதமுனையின் கைத்தறிச் சாரத்தை அறியாதவர் நம்மில் இல்லை. 2004 டிசம்பர் 26இன் கடற்கோள் அவ்வூரில் உயிர்களையும் தறிகளையும் கொண்டு சென்றது. தறிகள் மீண்டும் ஓடின. வாங்குபவர்கள் மருதமுனை என்ற பெயரைக் கேட்டே வாங்கினார்கள். இத்தகைய ஊர்ப் பெயரைத் தனியொருவர் சொந்தமாக்க முடியாது. ஆனால் நெசவாளர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து கூட்டுக் குறியாகவோ சான்றுறுதிக் குறியாகவோ பதிந்து, தரத்துக்கு விதி வகுத்து, போலியைத் தடுக்க நமது சட்டத்தில் இடமுண்டு. தனித்தனியே கொழும்புக்குப் போக முடியாதவர்கள் ஒன்றாகப் போகலாம். ஊர்ச் சம்மேளனங்களும் வர்த்தகச் சங்கங்களும் முன்னெடுக்கத் தகுந்த பணி இது.

எழுதுபவர்களாகிய நமக்கும் ஒரு பணி உண்டு. நம் ஒவ்வொரு ஊரிலும் பழைய விலாசங்களை அறிந்த முதியோர் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எந்த எழுத்து எந்தப் பாட்டனாரைக் குறித்தது, எந்தக் கடை எந்தக் கடையிலிருந்து பிரிந்தது, எந்தப் பெயர் எந்தக் கலவரத்தோடு நின்றது என்பது அவர்கள் வாயில் உள்ளது. பில் புத்தகங்களும் சாமான் பைகளும் பெயர்ப் பலகைகளின் பழைய புகைப்படங்களும் வீடுகளின் பரண்களில் கிடக்கின்றன. நீதிமன்றத்தில் அவை சாட்சி. வரலாற்றில் அவை மூலங்கள். இந்த இரண்டு தேவைக்காகவும் அவற்றைச் சேர்க்கத் தொடங்குவோம். ஊருக்கு ஒருவர் முன்வந்தாலும் போதும், இன்னும் சில வருடங்களில் ஒரு விலாச அகராதியே நம் கைக்கு வந்துவிடும்.